ஒரே கிரியேட்டினின், மூன்று சிறுநீரகங்கள்

மூன்று பேருக்கு ரத்தப் பரிசோதனை செய்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் 25 வயது, 70 கிலோ எடையுள்ள இளைஞர். இன்னொருவர் 82 வயது, 45 கிலோ எடையுள்ள பாட்டி. மூன்றாவது, 95 சென்டிமீட்டர் உயரமுள்ள மூன்று வயதுக் குழந்தை. சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவுகளில் ஒன்றான கிரியேட்டினின் மூவருக்கும் 1.0 (டெசிலிட்டருக்கு மில்லிகிராம்) என்று வருகிறது. லேப் ரிப்போர்ட்டில் அந்த எண்ணுக்குப் பக்கத்தில் பெரியவர்களுக்கான இயல்பு அளவுதான் அச்சிட்டிருக்கிறது என்றால், மூன்றுமே அதற்குள் அடங்கிவிடும். 'கிட்னி நார்மல்' என்று சொல்லி மூவரையும் வீட்டுக்கு அனுப்பிவிடலாம்.

கணக்குப் போட்டால் கதை வேறு. மருந்துகளால் சிறுநீரகம் கெடுவதில் வயதுக்கு என்ன பங்கு என்பதை இங்கிருந்தே பார்க்கத் தொடங்கலாம். பெரியவர்களுக்கு மருந்தின் அளவைத் தீர்மானிக்க 1976 முதல் புழக்கத்தில் இருப்பது காக்ராஃப்ட்–கால்ட் சூத்திரம். 140-இலிருந்து வயதைக் கழித்து, எடையால் பெருக்கி, 72 மடங்கு கிரியேட்டினினால் வகுக்க வேண்டும். பெண் என்றால் 0.85-ஆல் பெருக்க வேண்டும். கிடைப்பது, சிறுநீரகம் ரத்தத்தை வடிகட்டும் வேகம், ஏறத்தாழ. இளைஞருக்கு நிமிடத்துக்கு 112 மி.லி. வருகிறது. பாட்டிக்கு 31. குழந்தைகளுக்கு உயரத்தை வைத்துக் கணக்கிடும் ஷ்வார்ட்ஸ் சூத்திரம் இருக்கிறது: 0.413-ஐ உயரத்தால் பெருக்கி, கிரியேட்டினினால் வகுப்பது. அதன்படி, பெரியவர்களின் உடற்பரப்புக்கு ஈடாகச் சொன்னால், குழந்தைக்கு 39. மூன்று வயதில் அது 90-ஐத் தாண்டியிருக்க வேண்டும். அதாவது ஒரே எண்ணைக் காட்டிய மூவரில் ஒருவருக்குத்தான் சிறுநீரகம் நன்றாக இருக்கிறது.

காரணம் எளிது. கிரியேட்டினின் தசையிலிருந்து வரும் கழிவு. தசை அதிகமாக இருந்தால் தினமும் அதிகமாக உருவாகும், குறைவாக இருந்தால் குறைவாக உருவாகும். வயதான பாட்டிக்குத் தசை கரைந்துவிட்டது. குழந்தைக்கு இனிமேல்தான் வளர வேண்டும். உருவாவதே குறைவு என்பதால், வெளியேற்றும் வேலை மந்தமானாலும் ரத்தத்தில் அளவு ஏறாமல் சாதுவாக உட்கார்ந்திருக்கும். மருந்துகளால் சிறுநீரகம் கெடுவதில் வயதின் பங்கு என்ன என்று பேசும்போது பலரும் உறுப்பின் தேய்மானத்தைப் பற்றி மட்டும் சொல்வார்கள். அதே அளவுக்கு முக்கியமானது, வாழ்க்கையின் இரு முனைகளிலும் நாம் வைத்திருக்கும் அளவுகோல் பொய் சொல்கிறது என்பது. தப்பான அளவுகோலை நம்பித்தான் தப்பான டோஸ் போகிறது.

மருந்துகள் ஏன் குறிப்பாகச் சிறுநீரகத்தைத் தாக்குகின்றன? இரண்டு சிறுநீரகங்களும் சேர்ந்து உடல் எடையில் அரை சதவீதம்கூடத் தேறாது. ஆனால் இதயம் தள்ளும் ரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் அங்கேதான் போகிறது. நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் நீர் வடிகட்டப்பட்டு, அதில் ஒன்று, ஒன்றரை லிட்டர் தவிர மற்றதெல்லாம் திரும்ப உறிஞ்சப்படுகிறது. நீரை உறிஞ்ச உறிஞ்ச, அதில் கரைந்திருக்கும் மருந்து நுண்குழலுக்குள் அடர்த்தியாகிக்கொண்டே போகிறது. ரத்தத்தில் அபாயமில்லாத அளவில் இருக்கும் ஒரு பொருள், அந்தக் குழலின் சுவரில் உள்ள செல்லுக்கு அபாயகரமான அளவில் வந்து சேர்கிறது. இது எல்லா வயதினருக்கும் பொது. வயது மாற்றுவது, அந்த அடியைத் தாங்க எத்தனை நெஃப்ரான்கள் கைவசம் இருக்கின்றன, அவை எந்த நிலையில் இருக்கின்றன என்பதைத்தான்.

நெஃப்ரான் என்பது சிறுநீரகத்தின் வேலை அலகு: ஒரு வடிகட்டியும் அதோடு சேர்ந்த நுண்குழலும். ஒரு சிறுநீரகத்தில் சராசரியாகப் பத்து லட்சம் இருக்கும். ஆளுக்கு ஆள் இது பெரிதும் மாறுபடும். கர்ப்பத்தின் 36-ஆவது வாரத்தோடு புதிய நெஃப்ரான் உருவாவது முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு ஆயுள் முழுக்க ஒன்றுகூடப் புதிதாக வராது. பெரும்பகுதி உருவாவது கடைசி மூன்று மாதங்களில் என்பதால், 28 வாரத்தில் பிறந்துவிடும் குழந்தை குறைந்த கையிருப்போடுதான் வாழ்க்கையைத் தொடங்குகிறது. இந்தியா உட்பட நான்கு நாடுகளின் மருத்துவமனைகளில், தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்க்கப்பட்ட பச்சிளங்குழந்தைகளை ஆராய்ந்து 2017-இல் வெளியான ஓர் ஆய்வில், பத்தில் மூன்று குழந்தைகளுக்குத் திடீர் சிறுநீரகப் பாதிப்பு இருந்தது. எல்லாமே மருந்தால் வந்தது என்று சொல்ல முடியாது. ஆனால் அந்தப் பிரிவில் படுத்திருக்கும் குழந்தைக்குக் கிடைக்கும் மருந்துகளில் பல, சிறுநீரகத்தைச் சீண்டக்கூடியவை.

பிறப்பதற்கு முன்பே கூட இது தொடங்கிவிடலாம். எனலாபிரில், ராமிபிரில் வகை ரத்த அழுத்த மாத்திரைகளைக் கர்ப்பத்தின் பிற்பாதியில் அம்மா சாப்பிட்டால், கருவின் சிறுநீரகக் குழல்கள் சரியாக உருவாகாமல் போகலாம். வலி மாத்திரைகள் விஷயத்தில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020-இல் எச்சரிக்கையை முன்னே இழுத்து வைத்தது. இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்றவற்றை 20 வாரத்துக்குப் பிறகு தவிர்க்கச் சொன்னது. காரணம் பனிக்குடநீர் குறைவது. அந்தக் கட்டத்தில் பனிக்குடநீரில் பெரும்பகுதி குழந்தையின் சிறுநீர்தான். நீர் குறைகிறது என்றால் குழந்தையின் சிறுநீரகம் வேலையைக் குறைத்துக்கொண்டது என்று பொருள்.

பிறந்த முதல் நாளில் இன்னொரு வேடிக்கை. குழந்தையின் ரத்தத்தில் இருக்கும் கிரியேட்டினின் பெரும்பாலும் அம்மாவினுடையது, நச்சுக்கொடி வழியாக வந்தது. அந்த எண்ணைப் பார்த்துக் குழந்தையின் சிறுநீரகத்தைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. நிறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கே வடிகட்டும் வேகம் பெரியவர்களில் ஐந்தில் ஒரு பங்கு அளவில்தான் இருக்கும். இரண்டு வாரத்தில் அது இரட்டிப்பாகி, ஒன்று, இரண்டு வயதில் பெரியவர்களின் அளவை எட்டும்.

அப்படியானால் பச்சிளங்குழந்தைக்கு எல்லா மருந்தும் கூடுதல் ஆபத்துதானே என்று தோன்றும். இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த விதிவிலக்கு வருகிறது. ஜென்டாமைசின், அமிகாசின் வகை ஆன்டிபயாடிக் ஊசிகள் சிறுநீரகத்தைக் கெடுப்பதில் பேர்போனவை. நுண்குழலின் செல் சுவரில் மெகாலின் என்ற புரதம் இருக்கிறது. அது இந்த மருந்தைப் பிடித்து உள்ளே இழுக்கிறது. உள்ளே போன மருந்து எளிதில் வெளியேறாமல் சேர்ந்துகொண்டே போய், ஐந்து முதல் ஏழு நாளில் செல்லைச் சாகடிக்கிறது. ஆனால் பச்சிளங்குழந்தைகளுக்கு இந்தப் பாதிப்பு பெரியவர்களைவிடக் குறைவாகவே வருகிறது. அவர்களின் நுண்குழல் இன்னும் முதிரவில்லை என்பதால், மருந்தை உள்ளே இழுக்கும் வேலையையும் அது சரியாகச் செய்வதில்லை. முதிர்ச்சி இல்லாததே பாதுகாப்பாகிவிடுகிறது. டோஸ் கொடுப்பதும் இதையொட்டித் தலைகீழாக இருக்கும். குழந்தையின் உடலில் நீர் அதிகம் என்பதால் கிலோவுக்கு இத்தனை மில்லிகிராம் என்ற அளவைப் பெரிதாகக் குறைக்க மாட்டார்கள். அடுத்த ஊசிக்கான இடைவெளியைத்தான் 36, 48 மணி நேரம் வரை நீட்டுவார்கள்.

வயதானவர்களிடம் இதே மருந்துக் குடும்பம் இரக்கம் காட்டுவதில்லை. காசநோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி போட்ட காலத்தில், இந்திய அரசுத் திட்டத்திலேயே 50 வயது தாண்டியவர்களுக்கு 0.75 கிராமை 0.5 கிராமாகக் குறைத்தார்கள். சிறுநீரகம் மெதுவாக வெளியேற்றும் மருந்து உடலில் தேங்கி, காதையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும் என்பதால்தான்.

கைக்குழந்தைப் பருவத்தைத் தாண்டிய குழந்தைகளிடம் உறுப்பு நன்றாகவே இருக்கும். ஆபத்து வேறு வழிகளில் வருகிறது. முதல் வழி, நீரிழப்பு. காய்ச்சல், வாந்தி, வயிற்றுப்போக்கு என்று இரண்டு நாள் சரியாகக் குடிக்காமல் கிடக்கும் குழந்தைக்கு, காய்ச்சலைக் குறைக்க இபுப்ரோஃபென் சிரப் கொடுக்கிறோம். அமெரிக்காவில் ஒரு குழந்தைகள் மருத்துவமனையின் பல வருடப் பதிவுகளை அலசி 2013-இல் வெளியிட்ட ஆய்வு இதைக் காட்டியது. வலி மாத்திரை வகை மருந்துகளால் சிறுநீரகம் பாதித்த குழந்தைகளில், டோஸ் விவரம் கிடைத்தவர்களில் பெரும்பாலோர் பரிந்துரைத்த அளவுக்குள்தான் சாப்பிட்டிருந்தார்கள். டயாலிசிஸ் தேவைப்பட்டது ஐந்து வயதுக்குட்பட்டவர்களுக்கு. அளவு மீறவில்லை என்றால் பயமில்லை என்று நாம் நினைப்பது, உடலில் நீர் போதுமான அளவு இருக்கும்போது மட்டும் சரி.

இரண்டாவது வழி, மருந்தின் வடிவம். 2025 செப்டம்பரில் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாடா மாவட்டத்தில் குழந்தைகள் அடுத்தடுத்துச் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். இருபதுக்கும் மேற்பட்ட சாவுகள், பெரும்பாலும் ஐந்து வயதுக்குக் கீழ். அவர்கள் குடித்த கோல்ட்ரிஃப் என்ற சளி மருந்து தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில். தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் பரிசோதனையில் அதில் 48.6 சதவீதம் டைஎதிலீன் கிளைக்கால் இருந்தது தெரிந்தது. அனுமதிக்கப்பட்ட வரம்பு 0.1 சதவீதம். இனிப்பாக இருக்கும் இந்தத் தொழிற்சாலை ரசாயனம், உடலுக்குள் டைகிளைக்காலிக் அமிலமாக மாறி நுண்குழல் செல்களில் சேர்ந்து அவற்றைக் கொல்கிறது. 2022-இல் காம்பியாவிலும் இந்தோனேசியாவிலும் குழந்தைகளைக் கொன்றதும் இதே நஞ்சும் இதன் உறவான எதிலீன் கிளைக்காலும்தான்.

இதில் வயதின் பங்கைச் சரியாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். 1937-இல் அமெரிக்காவில் சல்ஃபனிலமைடு திரவ மருந்தில் இதே நஞ்சு கலந்து 105 பேர் இறந்தார்கள். அதில் குழந்தைகள் 34. மீதி எல்லோரும் பெரியவர்கள். அதாவது இந்த நஞ்சு வயது பார்ப்பதில்லை. பெரியவர்கள் மாத்திரைக்கு மாறிவிட்டார்கள், சிரப் குடிப்பது குழந்தைகள், அதனால் சாவதும் குழந்தைகள். சின்ன உடம்பில் சில தேக்கரண்டியே போதுமான அளவாகிவிடுகிறது என்பது கூடுதல் கொடுமை. அந்த மருந்தில் இருந்த குளோர்ஃபெனிரமின்–ஃபினைலெஃப்ரின் கூட்டை நான்கு வயதுக்குக் கீழ் கொடுக்கக் கூடாது என்று 2023 டிசம்பரிலேயே மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு உத்தரவு போட்டிருந்தது. நஞ்சு கலக்காமலே இருந்திருந்தாலும், அந்தக் குழந்தைகளில் பலர் கைக்கு அந்தப் பாட்டில் போயிருக்கவே கூடாது.

நடுவயதைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. கையிருப்பு நிறைய, அடி தாங்கும். அந்த வயதில் கவனிக்க வேண்டியது, வருடக்கணக்கில் சாப்பிடும் மருந்துகள். மனநோய்க்கான லித்தியம் பத்து, இருபது வருடம் கழித்துத்தான் சிறுநீரகத்தில் தன் வேலையைக் காட்டும். ஒரு காலத்தில் தலைவலி மாத்திரைகளில் இருந்த ஃபினாசெட்டினும் அப்படித்தான். அமெரிக்கா அதை 1983-இல் விலக்கியது. ஐம்பதில் போட்ட விதை எழுபதில் முளைக்கும் என்பதால், முதுமையின் பாதிப்பு என்று எழுதப்படுவதில் கொஞ்சம் இந்த வயதின் கணக்கு.

சரி, முதுமைக்கு வருவோம். ஆரோக்கியமானவர் என்று உறுதிசெய்த பிறகே சிறுநீரகத் தானம் செய்ய அனுமதிப்பார்கள். அப்படித் தானம் செய்தவர்களின் சிறுநீரகத்தை ஆராய்ந்து 2017-இல் வெளியான கட்டுரை ஒன்று, 18 முதல் 29 வயதினருக்கு ஒரு சிறுநீரகத்தில் வேலை செய்யும் நெஃப்ரான்கள் சுமார் 9.9 லட்சம் என்றும், 70 முதல் 75 வயதினருக்குச் சுமார் 5.2 லட்சம் என்றும் சொல்கிறது. நோய் எதுவும் இல்லாமலே ஏறத்தாழ பாதி போய்விடுகிறது. இருந்தும் அவர்களுக்கு அன்றாட வாழ்க்கையில் எந்தக் குறையும் தெரியவில்லை. எஞ்சியவை சமாளித்துவிடுகின்றன. குறைந்திருப்பது அவசரத்துக்கான கையிருப்பு. அது ஒரு மருந்து வந்து சீண்டும்போதுதான் தெரியவரும்.

வயது ஏறினால் எல்லோருக்கும் ஒரே மாதிரி குறையும் என்றும் இல்லை. அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் பல வருடங்கள் ஒரே ஆட்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு 1985-இல் சொன்னது: வடிகட்டும் வேகம் சராசரியாக ஒவ்வொரு வருடமும் நிமிடத்துக்கு 0.75 மி.லி. குறைகிறது, ஆனால் மூன்றில் ஒரு பங்கினருக்குக் குறையவே இல்லை. எண்பது வயதில் நாற்பதின் சிறுநீரகத்தோடு ஒருவர் நடமாடலாம். அதனால் வயதை மட்டும் பார்த்து டோஸைக் குறைப்பதும் தப்பு. தேவையான ஆன்டிபயாடிக்கைப் பாதி அளவு கொடுத்து நோயைத் தீர்க்காமல் விடுவதும் நடக்கிறது.

முதியவர்களிடம் மிக அதிகமாகச் சேதம் செய்வது எது என்று கேட்டால், நான் முட்டி வலி மாத்திரையைத்தான் சொல்வேன். வடிகட்டிக்குள் ரத்தம் வரும் நாளத்தைத் திறந்து வைத்திருப்பது புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள். இளம் வயதில் இதன் தயவு அவ்வளவாகத் தேவையில்லை. வயதாகி, நாளங்கள் விறைத்து, இதயமும் கொஞ்சம் பலவீனமாகும்போது சிறுநீரகம் இதை நம்பியே ஓடுகிறது. டைக்ளோஃபெனாக்கும் ஏசிக்ளோஃபெனாக்கும் அந்தப் பொருளின் உற்பத்தியை நிறுத்துகின்றன. உள்ளே வரும் நாளம் சுருங்குகிறது. அதே ஆள் டெல்மிசார்ட்டான், லோசார்ட்டான், ராமிபிரில் போன்ற பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறார் என்றால், வெளியே போகும் நாளம் ஏற்கெனவே தளர்ந்திருக்கும். வரத்து குறைவு, போக்கு தாராளம், நடுவில் வடிகட்டத் தேவையான அழுத்தம் இல்லை. மேலே நீர் பிரிய ஒரு மாத்திரையும் சேர்ந்தால் உடலில் ஓடும் நீரே குறைந்துவிடுகிறது. பிரிட்டனில் பிரஷர் மாத்திரை சாப்பிடும் 4,87,372 பேரின் பதிவுகளை வைத்து 2013-இல் வந்த ஆய்வில், இந்த மூன்றும் சேரும்போது திடீர் சிறுநீரகப் பாதிப்பு 31 சதவீதம் கூடியது. முதல் 30 நாட்களில் மட்டும் பார்த்தால் 82 சதவீதம்.

மூன்று மருந்து என்றதும் மூன்று மாத்திரை என்று நினைத்துவிடக் கூடாது. நம் ஊரில் டெல்மிசார்ட்டானும் நீர் பிரிய வைக்கும் ஹைட்ரோகுளோரோதயாசைடும் ஒரே மாத்திரையில் வருகின்றன. பெயருக்குப் பின்னால் 'எச்' என்று ஓர் எழுத்து ஒட்டியிருக்கும், அவ்வளவுதான் அடையாளம். ஏசிக்ளோஃபெனாக்கும் பாராசிட்டமாலோடு சேர்ந்து ஒரே மாத்திரையாகக் கிடைக்கிறது. தாத்தா காலையில் பிரஷருக்கு ஒன்று, மாலையில் மெடிக்கல் ஷாப்பில் சொல்லி வாங்கிய வலி மாத்திரை ஒன்று என்று இரண்டே மாத்திரைதான் போட்டிருப்பார். மூன்றும் உள்ளே போயிருக்கும். பிரஷருக்கு எழுதிய டாக்டருக்கு வலி மாத்திரை தெரியாது, கடைக்காரருக்குப் பிரஷர் மாத்திரை தெரியாது.

இதோடு தாகம். வயதானால் தாகம் எடுப்பதே மந்தமாகிவிடும். சிறுநீரைச் செறிவாக்கி நீரை மிச்சப்படுத்தும் திறனும் குறையும். இரவில் எழுந்து பாத்ரூம் போகப் பயந்து சாயங்காலத்திலிருந்தே தண்ணீரைக் குறைத்துக்கொள்ளும் முதியவர்களை எல்லா வீட்டிலும் பார்க்கலாம். சித்திரை வெயிலில் இப்படி ஒரு வாரம் போனால், அதுவரை பிரச்சினை தராத அதே மாத்திரைகள் திடீரென்று பிரச்சினை தரும்.

அப்புறம் கேஸ் மாத்திரை. வலி மாத்திரையால் வயிறு புண்ணாகாமல் இருக்க பான்டோபிரசோல், ஓமெபிரசோல் எழுதுவார்கள். வலி போன பிறகும் அது நிற்காது, வருடக்கணக்கில் தொடரும். இந்த மருந்துகள் சிலருக்கு ஒவ்வாமை போல ஒரு வீக்கத்தைச் சிறுநீரகத் திசுவில் உண்டாக்கும். காய்ச்சல், தடிப்பு எதுவும் இல்லாமல் கிரியேட்டினின் மட்டும் மெல்ல ஏறும். அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவமனையின் 2015 ஆய்வு ஒன்றில், 65 தாண்டியவர்களுக்கு வந்த இந்த வகை வீக்கத்தில் 87 சதவீதம் மருந்தால் வந்தது. இளையவர்களிடம் அது 64 சதவீதம்தான். முதியவர்களிடம் முன்னணிக் காரணங்களில் ஒன்று இந்தக் கேஸ் மாத்திரை.

சில நேரம் வயதின் ஆபத்து மருந்து சந்தைக்கு வந்து வெகுகாலம் கழித்தே வெளியே தெரிகிறது. குடலைச் சுத்தம் செய்து கொலனோஸ்கோப்பிக்குத் தயார்ப்படுத்த சோடியம் பாஸ்பேட் கொடுப்பது வழக்கமாக இருந்தது. பாஸ்பேட் படிகங்கள் நுண்குழலில் படிந்து சிறுநீரகம் கெட்டவர்கள் தெரியவந்த பிறகு, 2008 டிசம்பரில் அமெரிக்காவில் கடுமையான எச்சரிக்கை வந்தது. 55 வயதுக்கு மேற்பட்டவர்கள் அதில் தனியாகக் குறிப்பிடப்பட்டார்கள்.

பாதிப்பு வந்தபின் மீள்வது எப்படி? பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2008 அலசலில், திடீர் பாதிப்பிலிருந்து உயிர்பிழைத்த முதியவர்களில் 31 சதவீதம் பேருக்குச் சிறுநீரகம் முழுதாகத் திரும்பவில்லை. இளையவர்களில் 26 சதவீதம். வித்தியாசம் இருக்கிறது, ஆனால் நாம் கற்பனை செய்வதைவிடச் சின்னது. எண்பது வயதாகிவிட்டது, இனி என்ன செய்து என்ன என்று கைவிட இந்த எண்கள் இடம் தரவில்லை. காரணமான மருந்தை நேரத்தில் நிறுத்தினால் பலருக்குத் திரும்புகிறது.

நேரத்தில் நிறுத்த, நேரத்தில் தெரிய வேண்டும். கிரியேட்டினின் எண்ணோடு, வயதையும் பாலினத்தையும் சேர்த்துக் கணக்கிட்ட இஜிஎஃப்ஆர் எண்ணை, அதாவது வடிகட்டும் வேகத்தின் மதிப்பீட்டை, இப்போது பல லேப்கள் அச்சிடுகின்றன. இல்லையென்றால் டாக்டரிடம் கேட்கலாம். ஆனால் மிகவும் மெலிந்த முதியவரிடம் அந்த எண்ணும் உண்மையைவிட நன்றாகவே காட்டும், ஏனென்றால் அதுவும் கிரியேட்டினினிலிருந்து வந்ததுதான். மெலிந்தவர்கள், படுக்கையில் கிடப்பவர்கள், கால் இழந்தவர்களுக்கு சிஸ்டாட்டின் சி என்ற வேறு பரிசோதனை இருக்கிறது. அது தசையிலிருந்து வருவதில்லை, உடலின் ஏறத்தாழ எல்லா செல்களும் சீராக உற்பத்தி செய்கின்றன. அம்மாவிடமிருந்து குழந்தைக்குக் குறிப்பிடத்தக்க அளவில் கடப்பதும் இல்லை என்பதால், பிறந்த குழந்தையிடமும் அது பயன்படும். கிரியேட்டினினையும் இதையும் சேர்த்துக் கணக்கிடுவது நல்லது என்று சர்வதேச வழிகாட்டுதல் 2024-இல் சொன்னது. ஸ்டீராய்டு எடுப்பவர்களிடமும் தைராய்டு கோளாறு உள்ளவர்களிடமும் இதுவும் தடுமாறும். விலையும் கிரியேட்டினினைவிடப் பல மடங்கு.

செலவில்லாத ஒன்றும் இருக்கிறது. வாந்தி, வயிற்றுப்போக்கு, கடும் காய்ச்சல் என்று சாப்பிடாமல் கிடக்கும் நாட்களில் நீர் மாத்திரை, டெல்மிசார்ட்டான் வகை பிரஷர் மாத்திரை, சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மின், வலி மாத்திரை இவற்றைத் தற்காலிகமாக நிறுத்திவைக்கும்படி சில நாடுகளில் நோயாளி கையிலேயே அட்டை எழுதிக் கொடுக்கிறார்கள். எதை நிறுத்துவது, எத்தனை நாள், சாப்பாடு சரியாகி எத்தனை மணி நேரத்தில் திரும்பத் தொடங்குவது என்பதை உடம்பு நன்றாக இருக்கும்போதே டாக்டரிடம் கேட்டு, மாத்திரை டப்பாவின் மூடியில் எழுதி ஒட்டிவைத்துக்கொள்ளலாம். தானாக நிறுத்திவிட்டு மறந்துபோனால் பிரஷர் எகிறும், அது வேறு ஆபத்து. அந்த நாட்களில் வலிக்கோ காய்ச்சலுக்கோ ஏதாவது வேண்டும் என்றால், சரியான அளவில் பாராசிட்டமால் சிறுநீரகத்துக்குத் தொல்லை குறைந்தது. வாங்கும்போது அது தனி பாராசிட்டமால்தானா, கூட வேறொன்று ஒட்டிக்கொண்டு வருகிறதா என்று அட்டையின் பின்பக்கத்தைப் படித்துவிட்டு வாங்க வேண்டும்.